பாரியோவுக்குப் போகாமல் திரும்பிய விமானம்

மிரி விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டு முடித்த பணிப்பெண், "இப்போது நீங்களும் ஏறுங்கள்" என்று எடைத்தட்டைக் காட்டினார். பெட்டிக்கு ஆளுக்கு 10 கிலோதான் அனுமதி என்பது தெரியும். ஆளையும் நிறுத்துப் பார்ப்பார்கள் என்பதுதான் தெரியாது. என் மனைவி, "முதலில் நீங்க ஏறுங்க" என்று என்னைத் தள்ளிவிட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற கெலாபிட் பாட்டி ஒருவர், பேருந்துப் படியில் ஏறுவதுபோல் சர்வ சாதாரணமாகத் தட்டில் ஏறி இறங்கினார்.

நாங்கள் போகவிருந்தது பாரியோ. சரவாக்கின் வடகிழக்கு மூலையில், இந்தோனேசிய எல்லைக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெலாபிட் மக்களின் ஊர். கோலாலம்பூரில் பதினோரு ஆண்டுகள் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் அந்த ஊர்க்காரர். இப்போது சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். அவருக்கு முதல் குழந்தை பிறந்திருந்தது. கெலாபிட் வழக்கப்படி முதல் குழந்தை பிறந்ததும் அப்பாவும் அம்மாவும் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்கிறார்கள். தாத்தா பாட்டிக்கும் புதுப்பெயர் உண்டு. ஊர் கூடி விருந்துண்டு புதுப்பெயரை அறிவிக்கும் அந்த நாளை 'இராவ்' என்கிறார்கள். "சனிக்கிழமை எனக்குப் புதுப்பெயர். நீ வந்து கூப்பிட வேண்டும்" என்று சொல்லியிருந்தார்.

எங்கள் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எஸ்.பி.எம். தேர்வை முடித்திருந்த எங்கள் மகளுக்கு விமானி ஆக வேண்டும் என்று ஆசை. பயிற்சிப் பள்ளிக்கு லட்சக்கணக்கில் வெள்ளி ஆகும். அதையாவது கடன் வாங்கிச் சமாளிக்கலாம். "பெற்ற பிள்ளையை ஆகாயத்தில் விட்டுவிட்டுக் கீழே நான் எப்படித் தூங்குவது?" என்ற மனைவியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சின்ன விமானத்தில் ஒருமுறை போய் வந்தால் ஒருவேளை ஆசை தானாகக் குறையும் என்று மனைவி நினைத்தார். ஒருவேளை கூடும் என்று மகள் நினைத்தாள்.

கதவில்லாத விமானி அறை

எங்களுக்காகக் காத்திருந்தது டுவின் ஆட்டர். கனடா நாட்டுத் தயாரிப்பு. 1965-இல் முதன்முதலாகப் பறந்த இந்த ரகம், குட்டையான ஓடுபாதையில் ஏறவும் இறங்கவும் பெயர் பெற்றது. 19 பேர் அமரலாம். இரண்டு விசிறி எஞ்சின்கள், உள்ளே மடங்காத சக்கரங்கள். ஆட்களை ஏன் நிறுத்தார்கள் என்பது விமானத்தைப் பார்த்ததும் புரிந்தது. பெரிய விமானத்தில் என் எடை ஒரு பொருட்டல்ல. இதில் நான் எந்த வரிசையில் அமர்கிறேன் என்பதும் கணக்கில் வரும்.

பயணிகளுக்கும் விமானிகளுக்கும் நடுவே மூடிய கதவு இல்லை. முன்வரிசையில் இடம் கிடைத்த மகளுக்கு அன்று தீபாவளி. விமானத்துக்கு வெளியே நின்றபோது கேப்டனும் துணை விமானியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. துணை விமானி என் தம்பி மகனைப் போல இருந்தான். இருக்கையில் அமர்ந்ததும் இருவரின் முகமும் மாறிவிட்டது. ஒருவர் பட்டியலைப் படிக்க, மற்றவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொன்னார். அதைத் தவிர வேறு பேச்சில்லை. இந்த விமானத்தில் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடிகள் தலைக்கு மேலே இருக்கின்றன. கேப்டனின் கை மேலே போய் அதைப் பற்றியது. இன்னொரு கை அதற்குத் துணையாக மேலே போனது. ஓடுபாதையில் கொஞ்ச தூரம்தான் ஓடியிருப்போம், விமானம் எழும்பிவிட்டது.

மிரியின் கடற்கரை பின்னால் போனது. செம்பனைத் தோட்டங்கள் கட்டம் கட்டமாக வந்தன. பாராம் ஆறு பால் அதிகம் கலந்த தேநீர் நிறத்தில் வளைந்து வளைந்து கூடவே வந்தது. அதற்கப்பால் காடு, காட்டின் நடுவே மரம் வெட்டுவோர் போட்ட மண் சாலைகளின் சிவப்புக் கீறல்கள். பாரியோவுக்கு அந்தச் சாலைகள் வழியாகவும் போகலாம். நான்கு சக்கர இயக்க வண்டியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை பெய்தால் எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. விமானத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

இரண்டு வட்டம்

நாற்பது நிமிடம் போனதும் மலைகள் தொடங்கின. மலைகளோடு மேகமும் தொடங்கியது.

பாரியோ ஒரு தட்டு மாதிரி. நடுவே வயல்வெளி, சுற்றிலும் மலை. சரவாக்கிலேயே உயரமான முருட் மலையும் (2,424 மீட்டர்) அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் விமானி தன் கண்ணால் நிலத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். பெரிய விமான நிலையங்களில் மேகத்துக்குள்ளேயே வழிகாட்டி ஓடுபாதைக்கு நேரே கொண்டுவந்து விடும் கருவிகள் உண்டு. இங்கே அந்த வசதி இல்லை.

தட்டின் மேல் மூடி போட்டதுபோல் வெள்ளை மேகம் கிடந்தது. விமானம் ஒரு வட்டம் அடித்தது. ஓரிடத்தில் மேகம் விலகி, பச்சை வயல் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. "அதோ, தெரியுது!" என்று மகள் கையை நீட்டினாள். இரண்டாவது வட்டத்தில் அந்தக் கைக்குட்டை அங்கே இல்லை. முன்னால் கேப்டன் ஏதோ கேட்டார். துணை விமானி தலையை ஆட்டிச் சுருக்கமாகப் பதில் சொன்னான். அவ்வளவுதான். இறக்கை சாய்ந்தது, வெயில் ஜன்னலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறியது. மிரிக்கே திரும்புகிறோம் என்று கேப்டன் மலாயில் அறிவித்தார்.

பயணிகளில் யாரும் முணுமுணுக்கவில்லை. கெலாபிட் பாட்டி பையிலிருந்து ரொட்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். எனக்குத்தான் உள்ளே கொதித்தது. ஓட்டை தெரிந்ததே, அதில் நுழைந்திருக்கலாமே என்று பட்டது. மிரியில் இறங்கியதும் முகப்பில் போய்ச் சத்தம் போட்டேன். மறுநாள் விமானத்தில் எங்கள் மூவருக்கும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். விருந்தோ சனிக்கிழமை. "இவ்வளவு பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வருவதற்கு எதற்கு விமானி?" என்று நான் கேட்டது எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "பா, போதும் பா."

துணை விமானி சொன்ன பதில்

அன்று மதியம் விமான நிலையக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் துணை விமானி உள்ளே வந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகள் எழுந்து அவனிடமே போய்விட்டாள். தானும் விமானியாக நினைப்பதாகச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்றாள். அவன் உட்கார்ந்தான்.

"அந்த இடைவெளி தெரிந்ததே, ஏன் இறங்கவில்லை?"

"நுழையும்போது தெரிந்தது. நுழைந்த பிறகு அது மூடிக்கொண்டால் வெளியே வர வழி எது? எனக்குத் தெரியவில்லை. அதனால்தான்."

"கேப்டன் உங்களிடம் என்ன கேட்டார்?"

அவன் சிரித்தான். "'உன் கருத்து என்ன?' என்று கேட்டார். அவர் எப்போதும் தன் கருத்தை முதலில் சொல்லமாட்டார். அவர் முதலில் சொல்லிவிட்டால் நான் அதற்கு ஆமாம் போட்டுவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். நான் 'திரும்பலாம்' என்றேன். அவரும் அதைத்தான் நினைத்திருந்தார்."

"நீங்கள் 'இறங்கலாம்' என்று சொல்லியிருந்தால்?"

"அப்போதும் திரும்பியிருப்போம். இருவரில் ஒருவருக்குச் சந்தேகம் என்றாலே திரும்ப வேண்டும். அப்புறம் தரையில் உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுத்திருப்பார்."

எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள் என்று நான் குறுக்கிட்டுக் கேட்டேன். ஆயிரத்தை இன்னும் எட்டவில்லை என்றான். என் மனைவி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும்: இவ்வளவுதான் அனுபவமா?

மணிக்கணக்கு சொல்லாத கணக்கு

அன்றிரவு மிரி விடுதியில் மூவரும் இதைப் பற்றித்தான் பேசினோம். மகள் ஏற்கெனவே நிறையப் படித்து வைத்திருந்தாள். அவள் சொன்ன இரண்டு விபத்துகளை நானும் பிறகு தேடிப் படித்தேன்.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. 2009 பிப்ரவரி 12 இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம் இறங்கும் நேரத்தில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டார்கள். வேகம் அபாயகரமாகக் குறைகிறது என்று எச்சரிக்கும் வகையில் கேப்டனின் கைப்பிடி அதிர்ந்தது. அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்ட வேண்டும். அவர் பின்னுக்கு இழுத்துவிட்டார். துணை விமானி முந்தைய இரவு முழுவதும் நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். 10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தேவையில்லாத பேச்சு கூடாது என்பது அந்நாட்டு விதி. அன்று அந்த விதியும் மீறப்பட்டிருந்தது. விமானம் ஏறியதும் சிரிப்பை நிறுத்திய எங்கள் இரு விமானிகளும் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு, இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதால் 2010-இல் புதுச் சட்டம் வந்தது. விமானிகளின் ஓய்வு விதிகள் திருத்தப்பட்டன. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. இதில் யோசிக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. விழுந்த விமானத்தின் கேப்டனுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேலும் துணை விமானிக்கு 2,000 மணி நேரத்துக்கு மேலும் அனுபவம் இருந்தது. புது விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் தேறியிருப்பார்கள்.

இரண்டாவது நேப்பாளத்தில். 2023 ஜனவரி 15, பொக்காராவில் இறங்கவிருந்த எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து அதிலிருந்த 72 பேரும் இறந்தார்கள். இறக்கை மடிப்பை விரிக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, பக்கத்திலிருந்த வேறு இரண்டு நெம்புகோல்கள் இழுக்கப்பட்டதால் விசிறிகள் உந்துசக்தியை இழந்தன என்று விசாரணையில் தெரியவந்தது. அன்று மேற்பார்வை செய்து உடன் பறந்த மூத்த விமானிக்கு 21,000 மணி நேரத்துக்கு மேல் அனுபவம்.

அப்படியானால் அனுபவம் வேண்டாமா? நிச்சயம் வேண்டும். சமவெளியில் ஓட்டிப் பழகியவரை நேராகக் கேமரன் மலைச் சாலையில் விட முடியாது. ஆனால் மணிக்கணக்கு என்பது சாலையில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதை மட்டுமே சொல்லும். தூங்கி எழுந்து வந்தாரா, பட்டியலை முழுதாகப் படித்தாரா, இளையவர் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்பதைச் சொல்லாது. நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2013 அக்டோபர் 10 அன்று சபாவின் குடாட்டில் தரையிறங்க முயன்ற டுவின் ஆட்டர் ஒன்று வீட்டின் மேல் மோதியதில் துணை விமானியும் பயணி ஒருவரும் இறந்தார்கள்.

சின்ன விமானம் ஓட்டுபவர், பெரிய விமானத்துக்குப் போவதற்குமுன் பழகிக்கொண்டிருப்பவர் என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. உண்மையில் ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்குவதும், குட்டை ஓடுபாதையும், மலையும் மேகமும் அவர்களுக்குத்தான் அதிகம்.

தாமதமாகப் பார்த்த பாரியோ

ஞாயிற்றுக்கிழமை காலை வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதே கேப்டன்தான். எடைத்தட்டுக்கு அருகே என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். நான் முகப்பில் கத்தியது அவர் காதுக்குப் போயிருக்குமோ என்று தெரியவில்லை. நானும் தலையசைத்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை.

இம்முறை தட்டின் மூடி திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் வட்டமடித்த இடத்தைச் சுற்றி எவ்வளவு மலைகள் இருந்தன என்பதை அப்போதுதான் பார்த்தேன். மகள் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள்.

விமான நிலையத்தில் நண்பர் நின்றிருந்தார், பழைய பெயரில்லாமல். விருந்து முடிந்திருந்தது. புதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவரே அதற்கு இன்னும் பழகவில்லை. அன்றிரவு குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, இலையில் பொதிந்த பாரியோ அரிசிச் சோறும், உப்பு ஊற்றிலிருந்து காய்ச்சி எடுத்த உள்ளூர் உப்பும், அன்னாசியுமாகச் சாப்பிட்டோம். பாரியோ அரிசி ஏன் பேர்போனது என்பதற்கு அந்த ஒரு கவளமே போதும்.

மறுநாள் தூரத்தில் பத்து லாவி தெரிந்தது. இரட்டைச் சிகரம், உயர்ந்தது 2,000 மீட்டருக்கு மேல். அதற்கும் விமானிகளுக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்று நண்பர் சொன்னார். 1945 மார்ச்சில், ஜப்பானியர் ஆட்சியின்போது, டாம் ஹாரிசனும் அவருடைய குழுவும் இந்தப் பாரியோ சமவெளியில்தான் பாராசூட்டில் குதித்தார்கள். பத்து லாவிதான் விமானிகளுக்கு அடையாளம். அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய விமானங்களில் ஒன்று தளம் போய்ச் சேரவே இல்லை. போர் முடிந்தபின் ஹாரிசன் அந்த விமானக் குழுவினருக்காகப் பத்து லாவியில் நினைவுப் பலகை வைத்தார்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் விமானம் திரும்பும்போது மிரி மருத்துவமனைக்கு அதில் போவதற்காக அவருடைய சித்தி பாரியோவில் காத்திருந்திருக்கிறார். சிறுநீரகக் கோளாறு. மேகத்துக்கு மேலே எங்கள் விமானத்தின் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். சத்தம் தேய்ந்து மறைவதையும் கேட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு ஹெலிகாப்டர் வரும். ஆனால் அதற்கும் அதே மேகம்தான். சித்தி ஒரு நாள் முழுவதும் வலியோடு இருந்து, சனிக்கிழமை விமானத்தில் போயிருக்கிறார்.

"கோபம் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"வந்தது. மேகத்தின் மேல்," என்றார். "அந்த கேப்டன் எங்களுக்குத் தெரிந்தவர். யார் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் திரும்பிப் போகிறார் என்றால் உள்ளே வர முடியவில்லை என்று அர்த்தம். எல்லா நாளும் இறங்கிவிடுகிற விமானியின் விமானத்தில் சித்தியை நான் ஏற்றமாட்டேன்."

எனக்குப் போனது ஒரு விருந்து. அந்த அம்மாவுக்குப் போனது வலியோடு ஒரு நாள். திரும்பிப் போவது சும்மா கிடைக்கும் முடிவல்ல. அதன் விலையை யாரோ கொடுக்கிறார்கள். அந்த விலை தெரிந்தே "இன்று முடியாது" என்று சொல்வதற்குத்தான் அவருக்கு அத்தனை வருட அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது. அதைச் சொல்ல அந்த இளைஞனையும் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு

தீபகற்பத்திலிருந்து போனாலும் சரவாக்கில் நுழையும்போது குடிநுழைவுச் சோதனை உண்டு. அடையாள அட்டை கட்டாயம். குளிருக்கு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை 10 கிலோவுக்குள் அடக்குங்கள். காலை விமானமே நல்லது. முக்கியமாக, போகும்போதும் வரும்போதும் ஒன்றிரண்டு நாள்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பாரியோவிலிருந்து திரும்பும் அன்றே மிரியிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் போடாதீர்கள். நேரமாகிவிட்டது என்ற நெருக்கடியை விமானியின் தோளில் ஏற்றாமல் இருப்பது பயணிகளான நம் பங்கு.

ஊர் திரும்பிய வாரம் மகள் பயிற்சிப் பள்ளியின் மனுப் பாரத்தை மேசையில் வைத்தாள். என் மனைவி அதைத் தொடவில்லை, மறுக்கவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, சமைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, அந்தப் பள்ளியில திரும்பி வரவும் சொல்லிக் கொடுப்பாங்களா?"

"அதைத்தாம்மா நான் முதல்ல போய்க் கேட்கப் போறேன்," என்றாள் மகள்.

பாரத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு இரண்டு இடம் இருக்கிறது. நான் போட்டுவிட்டேன். இன்னொன்று இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.